என்னையும் சேர்த்துத்தான்

எங்கள் இல்லத்துக்கு முன்வாசல் ஒன்று இருந்தது. அகலமான படிகள் இருந்தன, அழைப்பு மணி இருந்தது, மூன்று மொழிகளில் நல்வரவு சொல்லும் பலகையும் இருந்தது. எங்களைப் பார்வையிட வரும் அதிகாரி அந்தப் பக்கமாக வந்து நான் கண்டதில்லை. பின்னால் இருந்த ஒடுக்கமான ஒழுங்கையால் வந்து, சமைக்கிற குசினியின் கதவைத் தட்டுவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக் காட்டியபடி நிற்பார். பிள்ளைகள் அவருக்குப் பின்கதவு மிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது நான் வெள்ளவத்தையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பின்னேரங்களில் யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும். வெயில் தாழும் நேரம் கண் தானாகச் செருகும். அப்போதுதான் அவர் வருவார். முகம் முழுதாக வருவதில்லை. ஈரத் துணிகளுக்கு நடுவே ஒரு குள்ளமான உருவம், கையில் மடக்கிய நீலக் குடை, சற்றுச் சாய்ந்த தலை. யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டே நிற்கிற மாதிரி. நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு ரயில் போய்விடும்.

அது கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் இல்லம். இருபத்தெட்டுப் பிள்ளைகள். சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை. சிலருக்கு இருந்தும் வைத்துப் பார்க்க வழியில்லை. நான் அங்கே மேட்ரன். கணவர் இறந்து, மகனோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது கிடைத்த வேலை. கிழமை நாட்களில் அங்கேயே தங்குவேன். சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் மட்டக்குளியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிடுவேன். ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவேன்.

இப்படிப்பட்ட இல்லங்களை அரசாங்க நன்னடத்தை அதிகாரி ஒருவர் வந்து பார்வையிட வேண்டும் என்பது சட்டம். அவருக்கு முன் இருந்த அதிகாரி, வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுவார். நாங்கள் தரை கழுவுவோம். பிள்ளைகளுக்கு நல்ல சட்டை போட்டு, வரவேற்புப் பாட்டுப் பழக்கி வைப்போம். அவர் பாட்டைக் கேட்டு, கேக் சாப்பிட்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர்.

இவர் வந்தது ஒரு போயா நாளில், மழைக்குள்.

"ஆர் நீங்கள்? என்ன வேணும்?" என்று குசினிக் கதவைப் பாதி திறந்து கேட்டேன்.

"நன்னடத்தை ஆபீஸ்லேர்ந்து வர்றேங்க. புதுசா மாத்தலாகி வந்திருக்கேன்."

"இண்டைக்கு லீவு நாளெல்லோ?"

"பிள்ளைங்க லீவு நாள்லயும் இங்கதானங்க இருக்காங்க?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பெண் என்று தெரிந்துவிட்டது. எனக்கு உள்ளே ஓர் இளக்காரம் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் உத்தியோகம் பார்த்த குடும்பம் என்கிற நினைப்பு எனக்கு. வயது முப்பது இருக்குமா இந்தப் பிள்ளைக்கு, இவளுக்கு நான் கணக்குக் காட்டுவதா என்று தோன்றியது. அதை இப்போது மறைத்து எழுத விருப்பமில்லை. கதவை முழுவதும் திறந்து, "சரி, வாங்கோ" என்றேன்.

அவர் வரவில்லை. மழை குடையிலிருந்து வழிந்து தோளில் விழுந்தது.

"அட்டையைப் பார்க்கலையே நீங்க."

"உங்களைப் பார்க்கத் தெரியுதுதானே."

"முகத்துல என்னங்க தெரியும்? அட்டையைப் பார்த்து, பேரைப் புத்தகத்துல எழுதிட்டு உள்ள விடுங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான். என்னையும் சேர்த்துத்தான்."

நான் புத்தகம் எடுத்து வந்து எழுதும்வரை அவர் அந்த நிலைப்படியிலேயே நின்றார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு முறையும் அதே போலத்தான். என்னோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் பழக்கம் வந்த பிறகும், அட்டையைப் பார்க்காமல் விட்டால் அசையமாட்டார்.

அன்று அவர் பாட்டுக் கேட்கவில்லை. நேரே குளியலறைப் பக்கம் போனார். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அது அங்கே இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

"இது எதுக்குங்க வெளியில?"

"பழைய வீடு. முந்தியே கிடந்தது."

"யாராச்சும் பூட்டுறாங்களா?"

"சீச்சீ, ஆர் பூட்டுறது!"

"அப்ப கழட்டிடலாங்க."

கைப்பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளி எடுத்தார். தாழ்ப்பாளைக் கழற்றி என் கையில் வைத்தார். துருப்பிடித்த அந்த இரும்பு கையில் கனத்தது. கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி கைதட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் கைதட்டினாள் என்று யோசிக்கவில்லை.

பிள்ளைகளோடு கதைப்பதற்கு அலுவலக அறையைத் திறந்து கொடுத்தேன். வேண்டாம் என்றார். பின்முற்றத்தில் ஜாம் மரத்துக்கும் மதிலுக்கும் இடையில் நீளமாகக் கொடிகள் கட்டியிருந்தோம். இருபத்தெட்டுப் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் எந்த நேரமும் அதில் காயும். அங்கேதான் நின்று கதைப்பார். காய்ந்த சட்டையை எடுத்து மடித்துக்கொண்டே கதைப்பார், பிள்ளையும் மடிக்கும். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து கப்பல் ஊதும் சத்தம் வரும். காற்று வந்தால் சட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகக் கை நீட்டும். விறாந்தையில் இருந்து பார்க்கும் எனக்கு அது ஒரு கனவு போல இருக்கும். இரண்டு பேரும் தெரிவார்கள். ஒரு சொல்லும் கேட்காது.

"உள்ளுக்கு ஃபான் இருக்கு. என்னத்துக்கு வெயிலுக்குள்ள நிண்டு கதைக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் பார்க்கணுங்க. ஆனா யாருக்கும் கேக்கக்கூடாது. அப்படி ஒரு இடம் வேணும். கதவைச் சாத்திக்கிட்டு நான் ஒரு பிள்ளையோட தனியா இருந்தேன்னா, நாளைக்கு நீங்க என்னைக் கேக்கணும், உள்ள என்ன செஞ்சேன்னு."

"உங்களைப் போய் நான் ஏன் சந்தேகப்படுறன்?"

"படணுங்க," என்றார். சிரிக்கவில்லை.

தன்னைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. ஒரேயொரு தடவை, மழைக்கு முன் அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவருடைய தங்கை பத்து வயதில் கொழும்புக்கு ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாளாம்.

"நல்ல வீடுன்னாங்க. படிச்சவங்க, கோயிலுக்குப் போறவங்கன்னாங்க. அதனால யாரும் போய்ப் பார்க்கல."

"பிறகு?"

"ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டா. வந்தவ வேற ஆளுங்க."

துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

இனி, நாங்கள் மரியாதையாகப் பெரிய சேர் என்று கூப்பிட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் நிர்வாக சபையில் ஒருவர். ஓய்வுபெற்ற உயர் உத்தியோகத்தர், பம்பலப்பிட்டியில் வீடு. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர்தான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வருவார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் புத்தகம் வாசிக்க வைத்து, பின்னேரம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கொண்டுவந்து விடுவார். பிள்ளைக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் என்று நாங்கள் எல்லாரும் கதைப்போம்.

ஒருநாள் அதிகாரி வருகைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை வர்ற சேர் பேரு இதுல ஒரு எடத்துலயும் இல்லையே?"

"அவர் வெளி ஆள் இல்லைத்தானே மிஸ்."

"பிள்ளையை வெளியில கூட்டிட்டுப் போறதுக்கு அனுமதிக் கடிதம்?"

"நீங்கள் அவரை ஒருக்காக் கண்டு கதைச்சால் இப்பிடிக் கேட்கமாட்டியள். அவ்வளவு நல்லவர்."

அவர் தன் பார்வையிடும் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். படுக்கை, குடிநீர், கழிவறை, பதிவேடு என்று கட்டம் கட்டமாக இருந்தது.

"நல்லவங்கன்னு எழுத இதுல எடமே இல்லைங்க மேட்ரன்."

"சேர் இந்தப் பிள்ளையளுக்குத் தகப்பன் மாதிரி."

"தகப்பனுக்கும் சேர்த்துத்தாங்க."

யார் வந்தாலும் பெயர் பதியவேண்டும், எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக வெளியே போகக்கூடாது, இரண்டு பேர் கூடப் போகவேண்டும் என்று அன்றைக்கே பார்வையிடும் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். நான் அதைச் சபைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். பெரிய சேரும் சிரித்தார். ஆனால் அந்தக் கிழமையே யாரோ மேலிடத்தில் பேசி, அதிகாரியிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவர் அடுத்த தடவையும் வழமைபோலக் குசினிக் கதவைத் தட்டினார். அட்டையைக் காட்டினார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வீடு முழுக்க வெயிலும் அமைதியும். அவர் மேசையில் நோயாளர் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். எந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன மருந்து கொடுத்தோம் என்று நான் என் கையெழுத்தில் எழுதி வைக்கும் புத்தகம். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பினார். மறுபடி பின்னுக்கு வந்தார். நான் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மேட்ரன், இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கடி வருதே."

"ஓம், வலு நோஞ்சான் பிள்ளை அது."

"சனிக்கிழமையில மட்டுந்தான் வருதுங்க."

அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். அப்போது பதினொரு வயது. கெட்டிக்காரி. சனிக்கிழமை காலையில் காய்ச்சல் என்று அவள் வந்து நிற்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லையே என்று சொல்லியும், ஒரு குளிசை கொடுத்து, புத்தகத்தில் காய்ச்சல் என்று எழுதி, "சேர் வரப்போறார், முகத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கிறேன். எட்டு மாதம். அந்த நேரங்களில் நான் வெள்ளவத்தையில் இதே யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் அவளும் அதிகாரியும் துணிக்கொடிப் பக்கம் போனார்கள். நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டைகள் ஆடின. துணிகளுக்குக் கீழே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கால்கள் இடம் மாறவேயில்லை. சின்னக் கால்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன, பிறகு இறங்கின. கப்பல் ஊதியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் மதிலில் ஏறிவிட்டிருந்தது. அவள் வெளியே வந்து என்னிடம் தண்ணீர் கேட்டாள். இரண்டு கோப்பை குடித்தாள். மூன்றாவதையும் கேட்டாள்.

அதிகாரி என் அருகே வந்தார். கையில் மடித்த சட்டை ஒன்று இருந்தது. அதை விடாமல் பிடித்திருந்தார்.

"இன்னைக்கே பொலிஸுக்குப் போவணும் மேட்ரன். பிள்ளை இனி இங்க தங்கக்கூடாது. நீங்களும் கூட வாங்க. அவளுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்."

"சேரா?" என்றேன்.

அவர் தலையசைத்தார்.

"அவள்... சின்னப் பிள்ளையெல்லோ மிஸ். ஏதேன் பிழையா விளங்கியிருப்பாள்."

அவர் என்னோடு வாதாடவில்லை. "பையை எடுத்துட்டு வாங்க," என்றார்.

பொலிஸில், சிறுவர் பெண்கள் பிரிவில் இருந்த பெண் அதிகாரி பிள்ளை சொன்னதைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். எங்கள் அதிகாரி எழுந்து, "தெமளென் லியன்ன," என்றார். தமிழில் எழுதுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். இவர் சண்டை பிடிக்கவில்லை. சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். யாரையாவது கூப்பிடுங்கள், காத்திருக்கிறோம் என்றார். இரண்டு மணித்தியாலம் கழித்து வேறொரு நிலையத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். எழுதியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது, "நான் அப்படிச் சொல்லேல்லை" என்று அவள் இரண்டு இடத்தில் திருத்தினாள். பிள்ளை அங்கேயிருந்து வைத்தியசாலைக்கும், பிறகு நீதிமன்ற உத்தரவோடு வேறொரு இல்லத்துக்கும் போனாள்.

அன்று நான் கூடவே இருந்தேன். இருந்தும் நம்பவில்லை. இதைத்தான் எழுதக் கூசுகிறது. வாசித்துக் காட்டியதை என் காதால் கேட்டும், மனம் இது எப்படி, இது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் சபைத் தலைவி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இல்லத்தின்ர பேர் கெட்டால் மற்ற இருபத்தேழு பிள்ளையளும் எங்க போறது, சொல்லுங்கோ? அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லுற பழக்கம் இருக்கு எண்டு உங்கட வாக்குமூலத்தில ஒரு வரி. வேறை ஒண்டும் வேண்டாம்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன் என்பதும் உண்மை.

மூன்றாம் நாள் குசினிக் கதவு தட்டப்பட்டது. அட்டை, புத்தகம், பெயர். அவர் ஒரு கடதாசி உறையை மேசையில் வைத்தார்.

"என் அறிக்கைங்க. உங்களைப் பத்தி எழுதியிருக்கேன். அனுப்புறதுக்கு முன்ன நீங்க வாசிக்கணும், அது உங்க உரிமை."

வாசித்தேன். இல்லப் பொறுப்பாளர் கவனிக்கத் தவறினார் என்று இருந்தது. முகம் சூடாகியது. அதற்குக் கீழே இன்னொரு பந்தி. பார்வையிடும் அதிகாரியான நானும் தவறினேன். இந்த எட்டு மாதங்களில் நோயாளர் புத்தகத்தில் இரண்டு தடவை கையெழுத்திட்டுள்ளேன். நோயைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. முதல் தடவையே பார்த்திருந்தால் ஐந்து மாதங்களுக்கு முன்பே இது நின்றிருக்கும்.

"இதை ஏன் எழுதினியள்?" என்றேன். "உங்களை ஒருத்தரும் கேட்கேல்லையே!"

"கேக்கலன்னு என்னை விட்டுட்டா, அப்புறம் மத்தவங்களை எப்படிங்க கேக்கிறது?"

"ஏற்கெனவே உங்களில கோபமா இருக்கினம். வேலை போனால்?"

"போகலாங்க."

"பயமில்லையா பிள்ளை உமக்கு?"

அதுதான் நான் அவரை முதலும் கடைசியுமாகப் பிள்ளை என்று கூப்பிட்டது. அவர் குடையின் பிடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பயமாத்தாங்க இருக்கு. பஸ்ல வர்றப்ப ரெண்டு எடத்துல எறங்கித் திரும்பிடலாம்னு பார்த்தேன்."

அவர் போன பிறகு நான் அந்த மேசையிலேயே உட்கார்ந்து என் வாக்குமூலத்தை எழுதினேன். பிள்ளை பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவள். சூடு இல்லாத நெற்றியை நான் தொட்டுப் பார்த்தேன். முகத்தைக் கழுவு என்று சொல்லி அந்தக் காருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. எழுதி முடித்தபோது மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

எனக்கு வேலை போனது. அவருக்குப் போகவில்லை, விசாரணை வைத்து, கொழும்பிலிருந்து வெகுதூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சபை கலைந்து, புதிய சபை வந்தது. அவர் எழுதிவிட்டுப் போன விதிகளைப் புதியவர்கள் சட்டகம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்றும், அலுவலக அறைக் கதவில் கண்ணாடி வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற புதிய மேட்ரன் என் அடையாள அட்டையைக் கேட்டாள். இருபது வருடம் அந்த வீட்டில் இருந்தவள் நான். ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

வழக்கு ஏழு வருடம் போனது. தவணை மேல் தவணை. அதிகாரி ஒவ்வொரு தவணைக்கும் விடியவே பஸ் ஏறி வந்தார். பெரிய சேர் கூனிப்போன கிழவராகக் கூண்டில் நின்றார். எனக்கு அவரைப் பார்த்து இரக்கம் வந்த நாட்களும் உண்டு. அந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டே வந்து சாட்சி சொன்னாள். முதலில் தலை குனிந்தபடி, கடைசியில் நிமிர்ந்து. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

அன்று நாங்கள் மூன்று பேரும் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தோம். மழை வரப்போகிற வெளிச்சம். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஏதோ நீண்ட நித்திரையிலிருந்து எழும்பி, எந்த இடம் என்று பிடிபடாமல் இருப்பதுபோல இருந்தது. அவளுக்கு இப்போது பதினெட்டு வயது. பிளேன்டீயைக் கலக்கிக்கொண்டே அவரைக் கேட்டாள்.

"மிஸ், அண்டைக்குக் கொடியடியில நான் சொன்னதும் நம்பினீங்களா?"

"நீ சொல்லி முடிக்கிறதுக்கு முன்னயே."

அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, நீங்க?"

கடையில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதவிக்கு வரமாட்டார் என்று தெரிந்தது.

"இல்லை, பிள்ளை," என்றேன். "எனக்கு மூண்டு நாள் எடுத்தது."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தெரியும் அன்ரி. ஸ்டேஷன்ல உங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்." பிறகு சொன்னாள்: "பொய் சொல்லுவீங்களோ எண்டுதான் கேட்டனான்."

தேநீரைக் குடித்து முடித்து எழுந்தோம். வெளியே வாகனங்கள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. கடக்கத் தயங்கி நின்ற என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அடுத்த கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் விடவில்லை.